செருப்போடு கழற்றி வைக்கும் மொழி

மைசூரின் மானசகங்கோத்ரி வளாகத்துக்குக் காலை ஒன்பது மணிக்கு முன்பே ஆட்டோக்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. இறங்குகிறவர்களில் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு பாதி. மறு பாதியில் இடுப்பில் குழந்தையும் தோளில் பையுமாக வரும் தாய்மார்கள் அதிகம். குழந்தைகளின் காதுக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு கருவி. சிலருக்குக் காதுக்கு மேலே தலையில் வட்டமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவர்கள் போகும் இடம் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ஊரார் ‘ஆயிஷ்’ என்கிறார்கள். 1965-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம்.

இங்குள்ள பாலர் பள்ளியின் விசேஷம், குழந்தையோடு தாயும் மாணவிதான் என்பது. பிள்ளையை விட்டுவிட்டு வாசலில் காத்திருப்பது இங்கே நடக்காது. அருகில் உட்கார்ந்து, ஆசிரியை செய்வதைப் பார்த்து, தானும் செய்து பழகவேண்டும். பழகியதை வீட்டுக்குப் போய் அன்று முழுதும் செய்யவேண்டும். இட்லித் தட்டு, கரண்டி, சோப்பு, செருப்பு என்று கையில் எடுப்பதெல்லாம் பாடம். எடுக்கும்போது பெயர் சொல்லவேண்டும். குழந்தை தன் முகத்தைப் பார்க்கும்படி நின்று சொல்லவேண்டும். சலிக்காமல் மறுபடியும் சொல்லவேண்டும். இதற்காகவே வேறு மாநிலங்களிலிருந்து வந்து மைசூரில் அறை எடுத்துத் தங்கும் தாய்மார்கள் உண்டு. கணவர் ஊரில் சம்பாதிப்பார். இவர் இங்கே ஒற்றை அறையில் ஸ்டவ்வையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு நாளெல்லாம் பேசிக்கொண்டிருப்பார்.

காது கேட்கும் குழந்தை மொழியைக் கற்பதில்லை, அதில் ஊறுகிறது. அடுக்களைப் பேச்சு, அண்டை வீட்டுச் சண்டை, பாட்டியின் முணுமுணுப்பு என எல்லாவற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. கேட்காத குழந்தைக்கோ அதை ஒவ்வொரு சொல்லாக அள்ளிக் கொடுக்கவேண்டும். அதுவும் மூளை அதை ஏற்கத் தயாராக இருக்கும் முதல் சில ஆண்டுகளுக்குள். பிறந்த குழந்தைகளுக்கே கேட்புச் சோதனை செய்யும் வழக்கத்தை இந்நிறுவனம் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனதன் காரணம் இந்த அவசரம்தான்.

பயிற்சி தொடங்கும்போதே ஒரு கேள்வி எழுகிறது. எந்த மொழி? மைசூரில் சாதாரணமாக ஒரு வீட்டில் இரண்டு மொழி புழங்கும். அம்மா தமிழ், அப்பா கன்னடம், மாடி வீட்டில் உருது, தொலைக்காட்சியில் இந்தி. பிள்ளைக்கு எதிர்காலம் வேண்டுமே, நேராக இங்கிலீஷே சொல்லிக்கொடுத்தால் என்ன என்று சில தகப்பன்மார்கள் கேட்பதுண்டு. இந்தத் துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை வேறு. வீட்டில் தாய் தூக்கக் கலக்கத்திலும் தடுமாறாமல் பேசும் மொழி எதுவோ அதில் தொடங்குங்கள், அது காலூன்றட்டும், மற்றது பிறகு.

காது கேட்கும் குழந்தையின் பெற்றோரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. மூன்று வயதில் அதற்குச் சீருடை தைத்து, கழுத்தில் டை கட்டி, வீட்டில் யாருமே பேசாத மொழியில் உட்காரவைக்கிறார்கள். செருப்பை வெளியே விடுவதுபோல வீட்டு மொழியையும் வெளியே விட்டுவிட்டு உள்ளே போகிறது குழந்தை. மாலையில் திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. சில குழந்தைகள் எடுத்துக்கொள்கின்றன. சில மறந்துவிடுகின்றன. சிலவற்றுக்கு அந்தச் செருப்பைப் பார்க்கவே வெட்கமாகிவிடுகிறது.

இந்த விஷயத்தை யோசிக்க மைசூரைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இருக்குமா என்பது சந்தேகம். (2014 நவம்பர் முதல் அரசுப் பதிவேடுகளில் அது மைசூரு. தமிழர் வாயில் இன்னும் மைசூர்தான்.) அரண்மனை, மல்லிகை, பாக்கு, பட்டு என்று பயணிகளுக்குக் காட்டப்படும் ஊருக்குள், குழந்தையும் மொழியும் பள்ளியும் சந்திக்கும் இடத்தை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட இன்னொரு ஊர் இருக்கிறது. தென் மாநிலங்களின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் மண்டலக் கல்வி நிறுவனம் 1963-லிருந்து இங்கே இயங்குகிறது. அதே ஹுன்சூர் சாலையில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், 1969 ஜூலை 17 முதல். தமிழுக்கு இதனோடு பழைய உறவு உண்டு. 2006-ல் செம்மொழித் தமிழுக்கான உயராய்வு மையம் முதலில் பிறந்தது இந்த வளாகத்தில்தான். 2008-ல் அது சென்னைக்குப் போயிற்று. தமிழ்மொழியியல் அறிஞர் இ. அண்ணாமலை இதன் இயக்குநராக இருந்தவர்.

இங்குள்ள தென்மண்டல மொழி மையத்தில் ஒரு வேடிக்கையான காட்சி பார்க்கலாம். வடமாநிலப் பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் பத்து மாதம் தங்கி ஒரு தென்னிந்திய மொழி கற்கிறார்கள். நாற்பது வயதுக்காரர், தன் ஊரில் பிரம்போடு நிற்பவர், இங்கே பெஞ்சில் உட்கார்ந்து லகர, ளகர, ழகரங்களோடு மல்லுக்கட்டுவார். தெரியாத மொழியில் ஆசிரியர் கேள்வி கேட்கும்போது வயிற்றில் என்ன நேர்கிறது என்பதை அவர் இங்கே உணர்ந்துகொள்ளலாம். எல்லா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளிலும் இதைக் கட்டாயமாக்கினால் ஆறு வயதுப் பிள்ளைகள் பலர் பிழைப்பார்கள்.

நடுவண் நிறுவனத்தை உருவாக்கி அதன் முதல் இயக்குநராக இருந்தவர் ஒடிஷாக்காரரான தேவிபிரசன்ன பட்நாயக். ஒருமொழிதான் இயல்பு, பலமொழி சுமை என்ற மேல்நாட்டு எண்ணத்தை அவர் தலைகீழாகத் திருப்பினார். இந்தியக் குழந்தைக்குப் பலமொழி என்பது பிறந்த வீட்டுச் சொத்து. பள்ளிதான் அதைப் பறிமுதல் செய்கிறது என்பது 1981-ல் வெளியான அவருடைய புத்தகத்தின் சாரம். பரிகாரமும் சொன்னார். குழந்தை வீட்டு மொழியில் எழுத்தறியட்டும். பள்ளி மொழியை முதலில் வாய்ப்பேச்சாகப் பழகட்டும். பிறகு படிப்படியாக எழுத்திலும் அங்கே போகட்டும். குதிக்கச் சொல்லாதீர்கள், பாலம் போடுங்கள். பழங்குடி மொழிகள் பலவற்றுக்கு இந்நிறுவனம் அரிச்சுவடிகள் தயாரித்தது இந்த நம்பிக்கையில்தான். கால் நூற்றாண்டு கழித்து, 2006-07 வாக்கில், ஒடிஷா அரசு பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கியபோது அந்த வாதம் அவர் பிறந்த மண்ணிலேயே வகுப்பறைக்குள் நுழைந்தது.

பாலம் இல்லாமலே கடந்த பிள்ளைகளும் இந்த ஊரில் இருந்தார்கள். 1929-ல் மைசூரில் பிறந்த ஏ.கே. ராமானுஜனின் வீடு ஒரு மொழி வரைபடம். கீழ்த்தளத்தில் அம்மாவோடும் பாட்டியோடும் தமிழ். தெருவில் கன்னடம். மாடியில் கணிதப் பேராசிரியரான அப்பாவின் அறையில் ஆங்கிலம், நடுநடுவே சமஸ்கிருதம். மாடிப்படி ஏறும்போது சிறுவன் மொழி மாற்றிக்கொண்டான். மைசூர், மண்டியா பக்கத்து வைணவக் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. தலைமுறைகளாகத் தமிழ் பேசுவார்கள். ஆனால் படிப்பதும் எழுதுவதும் கன்னடத்தில். பாசுரத்தையே கன்னட எழுத்தில் அச்சிட்டு வைத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. அவர்கள் வீட்டுத் தமிழில் கன்னடம் கலந்திருக்கும். சென்னைவாசி கேட்டால் சிரிப்பார். சிரிக்கவேண்டியதில்லை. அந்த அடுக்களைத் தமிழைக் கேட்டு வளர்ந்தவர்தான் 1962-ல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் சங்கப் பாடல்களைக் கண்டெடுத்தார். 1967-ல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் உலகத்தின் முன் வைத்தார். இரவுச் சாப்பாட்டு வேளையில் வீட்டுப் பெண்கள் சொல்லக் கேட்ட கதைகள் அவரை நாட்டுப்புறவியலுக்கு இட்டுச்சென்றன. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தராதவை அவர் வாழ்நாள் வேலையாயின.

ராமானுஜன் வீட்டில் புத்தக அலமாரி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். படித்த குடும்பத்துப் பிள்ளை பள்ளி எந்த மொழியில் நடந்தாலும் கரையேறிவிடுகிறது. அதைக் காட்டி, மொழி ஒரு பிரச்சினையே இல்லை என்று வாதிடுபவர்கள் அலமாரியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மைசூரின் இன்னொரு தமிழர் கதை இதற்கு மறுபக்கம். ஆர்.கே. நாராயண் சென்னை புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். கணக்கும் புராணமும் பாட்டி சொல்லிக்கொடுத்தவை. பள்ளிக்கூடம் அவருக்குக் கடைசிவரை ஒத்துவரவில்லை. அப்பா மைசூரில் தலைமை ஆசிரியர் என்பதும் உதவவில்லை. படித்து முடித்து, சென்னபட்டணத்தில் பள்ளி ஆசிரியர் வேலைக்குப் போனவர் சீக்கிரமே விட்டுவிட்டு வந்துவிட்டார். 1935-ல் வெளியான அவருடைய முதல் நாவலின் நாயகன் பள்ளியோடு போராடும் சிறுவன். அதோடு முடியவில்லை. 1986-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட நாராயண், 1989-ல் தம் கன்னிப்பேச்சில் எடுத்துக்கொண்ட விஷயம் குழந்தைகளின் புத்தகப்பை. எண்பதைத் தாண்டிய எழுத்தாளர் எழுந்து நின்று, பிள்ளைகளின் முதுகு வளைகிறது, விளையாட நேரமில்லை, பையை ஒழியுங்கள் என்று நாட்டைக் கேட்டார். அதன் எதிரொலியாக 1992-ல் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைந்தது. 1993-ல் சுமையற்ற கல்வி பற்றி அறிக்கை வந்தது. பையின் எடையைவிட, புரியாமல் படிப்பதன் எடைதான் பெரிது என்று அந்தக் குழு முடிவுக்கு வந்தது. 2005-ன் தேசியப் பாடத்திட்ட வரைவு அந்த அறிக்கையை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. நாராயண் மாலை நேரங்களில் நடந்த குக்கரஹள்ளி ஏரிக்கரை மானசகங்கோத்ரியை ஒட்டியே இருக்கிறது. யாதவகிரியில் அவருடைய வீடு 2016 முதல் அருங்காட்சியகம். அந்த வழியாகப் போகும் பள்ளிப் பிள்ளைகளின் பைகள் இளைத்ததாகத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் வருமுன் இந்த ஊர்க் குழந்தைகள் எதைக் கொண்டு கற்றார்கள்? பதிலில் ஒரு பகுதி ஜகன்மோகன் அரண்மனைச் சுவர்களில் இருக்கிறது. மும்முடி கிருஷ்ணராஜ உடையாருக்குக் (1794-1868) கட்டத்தில் ஆடும் ஆட்டங்கள் மேல் தீராத மோகம். பழைய ஆட்டங்களைத் தொகுத்தார். புதியவற்றைத் தாமே வகுத்தார். சதுரங்கக் குதிரை ஒரு கட்டத்தையும் இரண்டாம் முறை மிதிக்காமல் பலகை முழுதும் சுற்றிவரும் புதிர்களில் மூழ்கினார். ஆட்டக் கட்டங்கள் சுவரில் ஓவியமாகவே தீட்டப்பட்டிருக்கின்றன. அரசருக்கு அது பொழுதுபோக்கு. வீட்டுத் திண்ணையில் அதுதான் கணக்கு வகுப்பு. தமிழர்களின் பல்லாங்குழிக்குக் கன்னடத்தில் அளகுளிமணெ. தாயத்துக்குச் சௌகாபாரா. குழிக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை போட்டுக்கொண்டே போகும் நான்கு வயதுக் குழந்தை, எண்ணுக்குப் பொருள் ஒன்று என்பதை விரல் நுனியில் கற்கிறது. தன் முறை வரும்வரை காத்திருக்கவும், தோற்றால் அழாமலிருக்கவும் சேர்த்துக் கற்கிறது. அழுதாலும் பாட்டி மறுபடி ஆடுவாள். மைசூரின் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானா இந்தப் பலகைகளைத் திரும்பச் செய்து கண்காட்சி வைத்து வருகிறது. வாங்குகிறவர்களில் பலர் அதை வரவேற்பறையில் அலங்காரமாக வைக்கிறார்கள்.

நவராத்திரியிலும் அப்படியொரு பாடம் உண்டு. தசராவுக்கு மைசூர் வீடுகளில் பொம்மைப் படி ஏறுகிறது. மேல்படியில் மரத்தாலான ராஜாவும் ராணியும், ‘பட்டத பொம்பெ’. கல்யாணத்தில் பெண்ணுக்குத் தாய்வீட்டுச் சீராக வருபவை. நம் ஊர் மரப்பாச்சியின் உறவு. மேல்படிகள் பெரியவர்களுக்கு. கீழே தரையில் பூங்காவோ சந்தையோ மிருகக்காட்சிசாலையோ அமைக்கும் உரிமை குழந்தைகளுக்கு. கேழ்வரகு முளைக்கவிட்டு வயல் செய்வார்கள், கண்ணாடித்துண்டு குளமாகும். பெரியவர்கள் குறுக்கே வருவதில்லை. சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றும் பொம்மைகள் இந்தக் குளக்கரைக்கு வரும். 2023-ல் மத்திய அரசு மழலையருக்கென்று பொம்மைகளும் புதிர்களும் நிறைந்த ஒரு பெட்டியை வெளியிட்டபோது கல்வியாளர்கள் புதுமை என்று பாராட்டினார்கள். பாட்டிகள் பத்திரிகை படிப்பதில்லை, படித்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

எந்தச் சமூகமும் தான் விரும்பும் மனிதனைத்தான் பாலர் பள்ளியில் வளர்க்கிறது. 1989-ல் ஜோசப் டோபின் முதலான மூவர் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஜப்பானின் கியோட்டோ, சீனாவின் குன்மிங், அமெரிக்காவின் ஹோனலூலு ஆகிய மூன்று ஊர்களின் பாலர் பள்ளிகளைப் படமெடுத்து, ஒருவர் படத்தை மற்றவருக்குப் போட்டுக் காட்டினார்கள். கியோட்டோவில் ஒரு சிறுவன் அடித்துப் பிடித்துச் சண்டை போடுகிறான். ஆசிரியை பேசாமல் இருக்கிறாள். அமெரிக்கர்களுக்கு அதிர்ச்சி. பிள்ளைகள் தாங்களே தீர்த்துக்கொள்ளப் பழகவேண்டாமா என்பது ஜப்பானியர் கேள்வி. ஓர் ஆசிரியைக்கு முப்பது குழந்தைகள் இருப்பது அமெரிக்கருக்குக் குறை. ஜப்பானியருக்கு அது நிறை. கூட்டத்தில் ஒருவனாக இருக்கப் பழகுமே! இந்தப் படத்தைக் காட்டினால் நம் ஊர் ஆசிரியை என்ன சொல்வாள்? சண்டையை விலக்கி, இருவரையும் “கைகட்டி வாய்மேல் விரல் வை” என்று உட்காரவைத்திருப்பாள். நம் வகுப்பறையில் மௌனம்தான் ஒழுக்கம். பேசித்தான் மொழி வளரும் என்று ஆயிஷில் தாய்க்குச் சொல்லித்தரும் நாட்டில், பேசாதே என்பதுதான் பள்ளியில் குழந்தை கேட்கும் முதல் வாக்கியம்.

இதற்கு மாற்றாக இருந்திருக்கக்கூடிய ஓர் ஏற்பாடு மைசூருக்கு மிக அருகில் தொடங்கியது. ஊரிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில், காவிரியும் கபிலையும் கூடும் டி. நரசிபுரா. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது கர்நாடகத்துக்குக் கிடைத்தது நரசிபுரா, நூறு அங்கன்வாடிகள். அங்கன்வாடி என்ற சொல்லிலேயே முற்றம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக், பழங்குடிப் பிள்ளைகள் பாலர் பள்ளிக்கு வரவில்லையென்றால் பள்ளி அவர்கள் முற்றத்துக்குப் போகட்டும் என்று செய்து காட்டிய முறை அது. அரசுத் திட்டமானபோது முற்றத்தில் எடைத்தராசும் சத்துமாவும் பதிவேடுகளும் வந்து உட்கார்ந்தன. பட்டினிக்கு முன் பாட்டும் கதையும் பின்வரிசைக்குப் போனது நியாயமே. ஆனால் அவை பின்வரிசையிலேயே தங்கிவிட்டன.

இருந்தும் அங்கன்வாடிக்கு ஒரு பலம் உண்டு. அதை யாரும் பலமென்று கணக்கிட்டதில்லை. அங்கே இருக்கும் பெண் அதே ஊர்க்காரி. பிள்ளை பேசும் கொச்சையே அவளுடைய மொழி. யாருடைய தகப்பன் நேற்றிரவு குடித்துவிட்டு வந்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். இந்தியக் கல்வி அமைப்பில் குழந்தை சந்திக்கும் ஆசிரியர்களில் அதன் தெருவிலிருந்தே வருபவள் பெரும்பாலும் இவள் ஒருத்திதான். சம்பளமல்ல, மதிப்பூதியம் வாங்குபவளும் இவள்தான். பெற்றோர்களோ எல்.கே.ஜி. வேனைப் பார்க்கிறார்கள். அதைப் பார்த்து அரசும் தன் பள்ளிகளிலேயே எல்.கே.ஜி. தொடங்க முற்பட்டபோது, இருக்கிற குழந்தைகளும் போய்விடுவார்களே என்று 2024-ல் கர்நாடக அங்கன்வாடிப் பணியாளர்கள் பெங்களூரில் போராட்டத்தில் இறங்கினார்கள்.

நரசிபுராவுக்கு எதிர்த்திசையில், கேரள எல்லையை நோக்கி, ஹெக்கடதேவனகோட்டை வட்டம். எச்.டி. கோட்டை என்றால்தான் பஸ் கண்டக்டருக்குப் புரியும். கபினி அணையும் நாகரஹொளெ காடும் புலி பார்க்க வருபவர்களுக்கான விடுதிகளும் உள்ள இந்தப் பகுதியின் பூர்வகுடிகள் ஜேனு குருபர்கள். ஜேனு என்றால் தேன். அணைக்காகவும் புலிக்காகவும் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, ‘ஹாடி’ எனப்படும் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். இவர்கள் பேச்சு கன்னடத்துக்கு நெருங்கிய உறவு. ஆபத்தும் அங்கேதான். முற்றிலும் வேறு மொழியாக இருந்தால் ஆசிரியர் அதை வேறு மொழி என்று ஒப்புக்கொள்வார். நெருங்கியிருப்பதால் தப்பான கன்னடம் என்று திருத்துகிறார். குழந்தையின் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லும் பிழையாகிவிடுகிறது. சில நாள் கழித்துச் சொல் வருவதே நின்றுவிடுகிறது.

மொழி மட்டுமல்ல. காட்டுக் குடும்பங்களில் பிள்ளைகள் அதட்டு வாங்கி வளர்வதில்லை. ஐந்து வயதில் கிழங்கு எது, விஷம் எது என்று தெரியும்; எங்கே போகலாம், எப்போது திரும்பலாம் என்பது அதன் இஷ்டம். அந்தக் குழந்தையை மணியடித்தால் எழுந்து மணியடித்தால் உண்ணும் ஆசிரமப் பள்ளி விடுதியில் சேர்த்தால், ஒரு நாள் சுவரேறிக் குதித்து ஹாடிக்கு ஓடிவிடுகிறது. தேன் பருவம் வந்தாலோ, குடகு காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்க அப்பா அம்மா போனாலோ, பிள்ளையும் கூடவே போய்விடும். பதிவேட்டில் ‘இடைநின்றவர்’ என்று எழுதப்படும். பள்ளி அதனிடம் வந்து சேரவேயில்லை என்பதை எழுத அதில் கட்டம் கிடையாது. 1984-ல் மைசூர் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய சுவாமி விவேகானந்த இளைஞர் இயக்கம் இங்கே முதலில் மருந்தோடுதான் வந்தது. மருந்து மட்டும் போதாது என்று கண்டு ஹொசஹள்ளியில் பழங்குடிப் பிள்ளைகளுக்கெனப் பள்ளி அமைத்தது. காட்டறிவும் பாட்டும் ஆட்டமும் பாடத்துக்குள் இடம்பெற்ற பள்ளி அது. அங்கே படித்தவர்களில் சிலர் ஆசிரியராகவும் செவிலியராகவும் திரும்பி வந்திருக்கிறார்கள். ஒரு பள்ளி, ஒரு வட்டம். மற்ற ஹாடிகளில் கதை பழையதுதான்.

தாய்மொழியில் தொடங்கலாம் என்பதைக் கர்நாடக அரசு சட்டமாகவே சொல்லிப் பார்த்தது. 1994 ஏப்ரலில் வந்த ஆணை, ஒன்று முதல் நான்காம் வகுப்புவரை தாய்மொழியோ கன்னடமோதான் பயிற்றுமொழி என்றது. தனியார் பள்ளிகள் வழக்குத் தொடுத்தன. இருபது ஆண்டு இழுபறிக்குப் பின், 2014 மே 6-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது: அரசு தாய்மொழி வழியைத் திணிக்க முடியாது, குழந்தையின் தாய்மொழி எது என்று தீர்மானிப்பதும் பெற்றோரே. மொழியியலாளர்கள் தலையில் கைவைத்தார்கள். தீர்ப்பில் நியாயமில்லாமலும் இல்லை. மாநில எல்லைக்குள் சிக்கிய தமிழ், தெலுங்கு, உருது, துளு, கொங்கணிக் குடும்பங்களுக்கு ‘தாய்மொழியோ கன்னடமோ’ என்பது நடைமுறையில் கன்னடம் என்றே ஆகிவிடும் என்ற பயம் இருந்தது. தவிர, தலைவர்களின் பேரப்பிள்ளைகள் கான்வென்டில் படிக்க, கூலிக்காரன் பிள்ளைக்கு மட்டும் மொழிப்பற்றா என்ற கேள்வியும். கேட்டவர்களில் தலித் தலைவர்கள் உண்டு. அதற்கு மொழிப்பற்றாளர்களிடம் இன்றுவரை நல்ல பதில் இல்லை.

மானசகங்கோத்ரியை உருவாக்கிய துணைவேந்தர் குவெம்புவின் கதை இங்கே நினைவுக்கு வரும். இளம் வயதில் ஆங்கிலத்தில் கவிதை எழுதிக்கொண்டிருந்தவரிடம், மைசூருக்கு வந்த அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கஸின்ஸ், உன் மொழியில் எழுது என்று சொன்னார். கன்னடத்துக்கு ஒரு மகாகவி கிடைத்தார். பிற்காலத்தில் அவரே கன்னட வழிக் கல்வியின் பெருங்குரலானார். பிரவுனிங்கின் எலி பிடிக்கும் குழலூதியை அவர் துங்கைக் கரைக்கு அழைத்துவந்து ஜோகியாக்கினார்; கன்னடக் குழந்தைகள் அவன் வெளிநாட்டுக்காரன் என்று அறியாமலே அவனோடு வளர்ந்தார்கள். கடன் வாங்கியதை வீட்டுப் பொருளாக்குவது எப்படி என்று பாடத்திட்டக் குழுக்கள் அவரிடம் கற்கலாம்.

2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, முடிந்தவரை ஐந்தாம் வகுப்புவரை வீட்டுமொழி என்கிறது. அந்தக் கொள்கையை ஏற்காத கர்நாடகம் தனக்கென அமைத்த சுகதேவ் தோராட் குழு, 2025 ஆகஸ்டில் தந்த அறிக்கையில் ஐந்தாம் வகுப்புவரை கன்னடமோ தாய்மொழியோ என்கிறது. எல்லாவற்றிலும் முரண்படும் இரு தரப்பும் ஒத்துப்போகும் ஒரே இடம் இது. ஒத்துப்போகாதவர்கள் பெற்றோர்கள்தான்.

சொன்னதைச் செய்தவர்களைப் பார்க்க மேற்கே எண்பது கிலோமீட்டர் போகவேண்டும். பைலகுப்பெ. 1960-களின் தொடக்கத்தில் திபெத்திய அகதிகளுக்கு அன்றைய மைசூர் அரசு கொடுத்த காடு இன்று சோள வயல்களும் பொன்கூரை மடங்களுமாக இருக்கிறது. சுற்றிலும் கன்னடம், பிழைப்புக்கு இந்தியும் ஆங்கிலமும் என்ற நிலையில், 2004-ல் வெளியான அவர்களுடைய கல்விக் கொள்கை தொடக்க வகுப்புகளைத் திபெத்திய மொழியில் நடத்தச் சொன்னது. நாடு இல்லாதவர்களுக்கு மொழிதான் நாடு. கணக்கும் அறிவியலும் திபெத்திய மொழியில் புத்தகமாயின. ஆங்கிலம் அதன் பிறகு வருகிறது. வந்து நன்றாகவே ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பறக்கிறார்கள். குடியிருப்பில் இன்று பள்ளி வயதுக் குழந்தைகள் குறைந்து வருகிறார்கள். பாலம் உறுதியாகக் கட்டப்பட்டது. எல்லோரும் அதில் நடந்து அக்கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மாலை ஐந்து மணி. தேவராஜ மார்க்கெட்டில் குங்குமக் கூம்புகளையும் மல்லிகைப் பந்துகளையும் வெளிநாட்டவர் படமெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காய்கறிப் பக்கம், மானசகங்கோத்ரியிலிருந்து திரும்பும் ஒரு தமிழ்த் தாய். இடுப்பில் காதுக்கருவியோடு மூன்று வயதுப் பெண். தாய் ஒரு காயை எடுத்துத் தன் முகத்தருகே பிடித்து, “வெண்டைக்காய்” என்கிறாள். கடைக்காரர் உற்சாகமாக, “பெண்டெகாயி, பெண்டெகாயி” என்கிறார். குழந்தை அவர் வாயைப் பார்க்கிறது; தாயின் வாயைப் பார்க்கிறது. அவர் சொல்லுக்கு உதடு ஒட்டுகிறது. அம்மா சொல்லுக்கு ஒட்டவில்லை. அதன் நெற்றி சுருங்குகிறது. தாய் அதன் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி மறுபடி சொல்கிறாள். கடைக்காரர் காதின் கருவியை அப்போதுதான் கவனிக்கிறார். கையிலிருந்த தராசை வைத்துவிட்டு, குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, “வெண்டக்கா” என்கிறார். அரைக் கிலோவா ஒரு கிலோவா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.